ஒரு நிமிடத்தில் டாக்ஸி எங்கே போச்சு?

கேள்வி: வண்டிகள் ஒன்றோடொன்று வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளும் நெட்வொர்க்கை என்எஸ்-3 மென்பொருளில் சிமுலேஷன் செய்கிறேன். சான் பிரான்சிஸ்கோ டாக்ஸிகளின் நிஜ ஜிபிஎஸ் டேட்டாவைக் கொடுத்தால் பாதிச் செய்திகள்கூடப் போய்ச் சேரவில்லை. வண்டிகளை ரேண்டமாக ஓடவிட்டால் ரிசல்ட் அருமையாக வருகிறது. கோளாறு டேட்டாவிலா, என் புரோகிராமிலா?
– இறுதியாண்டு மாணவி, கோவில்பட்டி

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள்: ஃபைலை நேரப்படி அடுக்கினீர்களா? அந்த டேட்டாவில் கடைசி நேரம்தான் முதல் வரியில் இருக்கும். நான் அதைக் கவனிக்காமல் அப்படியே ஏற்றிவிட்டு, ஊர் டாக்ஸி முழுவதும் ரிவர்ஸில் போவதை இரண்டு நாள் வேடிக்கை பார்த்தேன்.

அது சரியாக இருந்தால், அடுத்த சிக்கல் இடைவெளி. 2008 மே, ஜூனில் சுமார் 500 டாக்ஸிகளிடம் எடுத்த டேட்டா அது. ஒரு வண்டி தன் இடத்தைச் சொல்வது ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு முறை. உங்கள் நெட்வொர்க்கிலோ ஒவ்வொரு வண்டியும் நொடிக்குப் பத்து செய்தி அனுப்பும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் இரண்டு டாக்ஸிகள் எதிரெதிரே வருகின்றன, ரேடியோ 300 மீட்டர் எட்டுகிறது என்றால், இரண்டும் பேசிக்கொள்ளக் கிடைப்பது 27 நொடிதான். இரண்டு ஜிபிஎஸ் புள்ளிகளுக்கு நடுவிலேயே முழுச் சந்திப்பும் முடிந்துபோகும். நடுவில் நேர்க்கோடு இழுத்தால் டாக்ஸி கட்டடத்துக்குள் புகுந்து போகும். ஆகவே புள்ளிகளைச் சாலை வரைபடத்தில் பொருத்தி, இடையில் உள்ள ஓட்டத்தை சுமோவில் நிரப்புங்கள். (நம் ஊர் டாடா சுமோ அல்ல, ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தின் இலவசப் போக்குவரத்து மென்பொருள்.)

சரி, நிரப்பியாயிற்று. அப்போதும் அங்கே ஓடுவது டாக்ஸிகள் மட்டும். மற்ற கார், பஸ், லாரி எதுவும் கிடையாது. செய்தியைக் கைமாற்றிவிடப் பக்கத்தில் வண்டி இல்லாவிட்டால் அது எப்படிப் போய்ச் சேரும்? உங்கள் செய்திகளில் பாதிகூடப் போய்ச் சேராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான் என்பேன்.

ஒரு நகரத்தின் கார்கள் முழுவதும் வேண்டுமென்றால் ஜெர்மனியின் கொலோன் நகருக்கான தொகுப்பைப் பாருங்கள். 400 சதுர கிலோமீட்டர், 24 மணி நேரம், 7 லட்சத்துக்கும் அதிகமான கார்ப் பயணங்கள். ஆனால் ஜிபிஎஸ் வைத்து அளந்தது அல்ல. மக்களின் அன்றாட நடமாட்டக் கணக்கிலிருந்து சுமோவில் உருவாக்கியது. முதலில் அப்படியே ஓட்டியபோது ஊரே நெரிசலில் நின்றுவிட்டது. வரைபடத்தில் இருந்த தப்புகள், சிக்னல்கள், பயண எண்ணிக்கை எல்லாவற்றையும் திருத்திய பிறகே ஒழுங்காக ஓடியது. நொடிக்குப் பத்து முறை பதிந்த நிஜ டேட்டாவும் உண்டு: 2005-இல் லாஸ் ஏஞ்சலஸின் 101-ஆம் நெடுஞ்சாலையில் கேமரா வைத்து எடுத்தது. சாலை 640 மீட்டர், நேரம் 45 நிமிடம், அவ்வளவுதான்.

ரேண்டம் ரிசல்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். அது முற்றத்தில் கோழிக்குஞ்சுகளைத் திறந்துவிட்ட மாதிரி. இஷ்டத்துக்கு ஒரு புள்ளியைத் தேர்ந்து போகச் சொன்னால் வண்டிகள் மைதானத்தின் நடுவில்தான் அதிகம் கூடும், பக்கத்தில் எப்போதும் யாராவது இருப்பார்கள். சிக்னல் கிடையாது, கட்டடம் கிடையாது. கட்டடம் என்றதும் ஞாபகம் வருகிறது: நீங்களாகச் சொல்லாவிட்டால் என்எஸ்-3 அலையைச் சுவருக்குள்ளும் விட்டுவிடும்.

புராஜெக்ட் தலைப்பில் ‘டாக்ஸிகள்’ என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். தாமதமாகப் போனாலும் பரவாயில்லை என்ற வகைச் செய்திகளுக்கு அந்த டேட்டா நன்றாகவே பொருந்தும். விபத்து எச்சரிக்கைக்குப் பொருந்தாது. வைவாவில் அந்த 27 நொடிக் கணக்கைக் கட்டாயம் கேட்பார்கள், ஒரு தாளில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.