நிறுத்தி வைத்த மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் படுக்கும் வீட்டு வண்டி) இரவில் ஏன் ஆடுகிறது, ஏன் சத்தம் போடுகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக, சித்தப்பா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள். நள்ளிரவில் லேசாக ஆடுகிறது, 'டுர்ர்' என்று ஒரு சத்தம் வந்து வந்து நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

பேயெல்லாம் இல்லை. முதலில் வண்டிக்குள் இருக்கும் தண்ணீர் பம்பைப் பாருங்கள். குழாயில் அழுத்தம் குறைந்தால் அது தானாக ஓடும், ஏறியதும் நிற்கும். யாரும் குழாயைத் திறக்காதபோதும் ஓடினால் எங்கோ கசிகிறது. படுக்கும் முன் பம்பு சுவிட்சை அணையுங்கள். சத்தம் நின்றால் காரணம் அதுதான்.

ஆட்டம்? வண்டி ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஒருவர் புரண்டு படுத்தாலே ஆடும். ஹேண்ட்பிரேக் உருளுவதைத்தான் தடுக்கும். மூலைகளில் ஸ்டெபிலைசர் ஜாக்கை (வண்டி ஆடாமல் தாங்கும் கால்) இறக்குங்கள், அடியில் கெட்டியான பலகை வைத்து. மழையில் ஊறிய மண்ணில் வெறும் ஜாக் புதைந்துவிடும். மாலையில் நேராக நின்ற வண்டி விடிகாலையில் சாய்ந்திருக்கும்.

கூரையில் 'டிக் டிக்' என்றால் வெயிலில் சூடான தகடு குளிர்ந்து சுருங்குகிறது, விட்டுவிடலாம். சுரண்டல் சத்தம் என்றால் எலி. செம்பனைத் தோட்டங்களில் அதைப் பிடிக்கவே பெட்டி கட்டிக் கூகை ஆந்தை வளர்ப்பார்கள் (அது கிறீச்சிடுவதும் உங்கள் காதில் விழுந்திருக்கும்!). எலி வயரைக் கடித்தால் செலவு பெரிது. அடித்தளத்தில் வயரும் குழாயும் நுழையும் ஓட்டைகளைக் கம்பி வலையால் இன்றே அடைத்துவிடுங்கள்.