விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும்? கேள்வி பதில்

கேள்வி: டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு சுமார் 10 மணி நேரம், திரும்பி வர 12 மணி நேரம் என்று டிக்கெட்டில் இருக்கிறது. தூரம் ஒன்றுதானே? பூமி சுழல்வதாலா?

பதில்: இல்லை. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது. காரணம் ஜெட் ஸ்ட்ரீம். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் இந்தக் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.க்கு மேலேயும் வீசும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தூரம் சுமார் 8,800 கி.மீ., விமானத்தின் வேகம் 900. வழி முழுக்க சராசரியாக 100 கி.மீ. வேகத்தில் காற்று பின்னாலிருந்து தள்ளினால், தரையைப் பொறுத்த வேகம் 1,000. பறக்கும் நேரம் 8.8 மணி. அதே காற்று எதிரே வந்தால் வேகம் 800. நேரம் 11 மணி. மேற்கே போகும் விமானம் பெரும்பாலும் இந்தக் காற்றை விலக்கிச் சுற்றிப் போகும். தூரம் கூடினாலும் அதுதான் லாபம். 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்ததும் இந்தக் காற்றின் தயவில்தான்.

கேள்வி: அதே விமானம் மாலை 5 மணிக்குக் கிளம்பி, அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குகிறதாம். அச்சுப் பிழையா சார்?

பதில்: பிழையே இல்லை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மாலை 5 மணியோடு 10 மணி நேரத்தைக் கூட்டினால், டோக்கியோவில் மறுநாள் விடிகாலை 3. குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் 17 மணி நேரம் பின்தங்கி இருக்கும். கழித்தால் காலை 10. திரும்பும்போது ஒரு தேதியே காணாமல் போகும். ஹோட்டல் பதிவு செய்யும்போது இதை மறக்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் தூரத்தை 900-ஆல் வகுத்தால் போதுமா?

பதில்: தோராயத்துக்குச் சரி. அதோடு ஓர் அரை மணியாவது சேருங்கள்; ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் உண்டு. இன்னொன்று, அந்தத் தூரம் பூமிப்பந்தின் மேல் அளந்த மிகக் குறுகிய வழி. விமானம் அப்படியே போகும் என்று சொல்ல முடியாது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரம் வரை நீண்டது. ஊர்கள் நகரவில்லை, வழிதான் மாறியது.

கேள்வி: இடையில் நிற்காமல் போகும் மிக நீண்ட பயணம் எது?

பதில்: சிங்கப்பூர்–நியூயார்க். சுமார் 15,300 கி.மீ., 18 மணி நேரத்துக்கு மேல்.

கேள்வி: லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கி வேறு நாட்டுக்கு விமானம் மாற வேண்டும். ஒன்றரை மணி இடைவெளி போதுமா?

பதில்: நான் எடுக்க மாட்டேன். அமெரிக்காவில் வெறுமனே விமானம் மாறுவதற்கும் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். அதற்கான அனுமதியும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். மூன்று மணி நேரமாவது வையுங்கள். அப்புறம், இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.