பிந்தி வந்த ரசிகை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தளத்தை நீண்ட காலமாக வாசித்து வருகிறேன். இது இலக்கியக் கடிதம் இல்லை, கோபிக்க வேண்டாம்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. பேஸ்போல் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. 2025 செப்ரெம்பர் கடைசியில் மகள்தான் பிடித்து இருத்தி, "அம்மா, இந்தமுறை எங்கட ரொறன்ரோ புளூ ஜேஸ் நல்லாய் விளையாடுறாங்கள், பாருங்கோ" என்றாள். அதற்குப் பிறகு ஒரு ஆட்டமும் விடவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுடன் நடந்த பதினெட்டு இன்னிங்ஸ் ஆட்டத்தை அதிகாலை மூன்று மணிவரை பார்த்துவிட்டு அப்படியே காலை வேலைக்குப் போனேன். நவம்பர் 1ஆம் திகதி இரவு தோற்றபோது அழுதுவிட்டேன். அந்த ஒன்பதாவது இன்னிங்ஸ் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கணவர் சிரிக்கிறார். "வெல்லத் தொடங்கின பிறகு போய் ஒட்டிக்கொண்டனீ, உனக்கென்ன அழுகை? அதுவும் காசுக்கு விளையாட வந்த வெளிநாட்டுக்காரருக்காக" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? மூன்றாவது பேஸில் நின்ற அந்தப் பெடியன் ஏன் அவ்வளவு ஒட்டி நின்றான்? ஓரடி தள்ளி நின்றிருந்தால் கிண்ணம் எங்களுக்குத்தானே? கடைசியாக ஒன்று. மகள் கிறிஸ்மஸுக்கு ஜேஸ் சட்டை கேட்கிறாள். யாருடைய பெயர் போட்டதை வாங்கலாம்?

- ஸ்காபுரோ வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றாவது பேஸில் இருந்தே தொடங்குகிறேன். அதைப் பேசி முடிக்காமல் நீங்களும் வேறெதையும் கேட்கமாட்டீர்கள், எனக்கும் எழுத வராது.

பார்க்காதவர்களுக்காக நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். பருவத்தின் இறுதிப்போட்டியான உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். ரொறன்ரோவில் நடக்கிறது. 4-4. ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி, ஜேஸ் அடிக்கும் முறை. ஒருவர் அவுட், ஓடும்போது தொடவேண்டிய மூன்று பேஸிலும் ஆட்கள். ஒரேயொரு ஓட்டம் வந்தால் 1993க்குப் பிறகு முதல் கிண்ணம். ஜேஸின் வார்ஷோ தரையோடு அடித்த பந்தை டொட்ஜர்ஸின் ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து, விழப்போன நிலையிலேயே ஹோமுக்கு, அதாவது ஓடுபவர் தொட்டால் ஓட்டம் கிடைக்கும் தட்டுக்கு, எறிந்தார். மூன்றாவது பேஸிலிருந்து சறுக்கி வந்த கைனர்-ஃபலேஃபாவின் காலுக்கும் பந்துக்கும் நடுவே இருந்தது ஒரு கண்சிமிட்டு நேரம். அங்கே பந்தைப் பிடிக்க நின்ற டொட்ஜர்ஸின் கச்சர் வில் ஸ்மித்தின் பாதம் தட்டிலிருந்து ஒருகணம் எழும்பித் திரும்பவும் பதிந்தது. காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். அவுட்தான்.

ஏன் ஒட்டி நின்றார்? முதல்நாள் இரவைப் பார்க்காமல் இதற்குப் பதில் இல்லை. ஆறாவது ஆட்டம், அதே ஒன்பதாவது இன்னிங்ஸ், ஜேஸ் 3-1 என்று பின்தங்கிய நிலை. பார்ஜர் அடித்த பந்து வெளிச்சுவரின் அடியில் போய்ச் செருகிக்கொண்டது. அப்படிச் செருகினால் ஓடுபவர்களுக்கு இரண்டு பேஸ்தான், அதற்குமேல் இல்லை என்பது விதி. உறுதியாக வந்திருக்கவேண்டிய ஒரு ஓட்டம் அங்கேயே நின்றுபோனது. பிறகு ஹிமேனெஸ் அடித்த பந்தை ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பிடித்து, இரண்டாவது பேஸுக்கு எறிய, முன்னே போய் நின்ற பார்ஜர் திரும்பிவர முடியாமல் அவுட். ஆட்டமே அதோடு முடிந்தது. அந்த இரவு எல்லோரும் ஏசியது பார்ஜரை, "ஏன் அவ்வளவு தள்ளி நின்றாய்?" என்று. அடுத்தநாள் கைனர்-ஃபலேஃபா ஒட்டி நின்றார். நேராகப் பறக்கும் பந்தை எதிரணி பிடித்து, பேஸுக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதுதான் அவருக்குக் கிடைத்த அறிவுறுத்தல். தள்ளி நின்றவனுக்கும் ஏச்சு, ஒட்டி நின்றவனுக்கும் ஏச்சு. நான் அவரைக் குறைசொல்லமாட்டேன். அந்த அவுட்டுக்கு அடுத்து எங்கள் கிளெமென்ட் தூக்கி அடித்தாரே, அந்தப் பந்துதான் என்னை உறங்கவிடாதது. சுவரை நோக்கிப் போனது. அந்த இன்னிங்ஸில்தான் களத்துக்கு அனுப்பப்பட்ட டொட்ஜர்ஸின் பாஹெஸ், தன் ஆளையே இடித்து விழுத்திக்கொண்டு அதைப் பிடித்தார். பதினோராவது இன்னிங்ஸில் ஸ்மித் சுவருக்கு வெளியே அடித்த ஹோம் ரன், டொட்ஜர்ஸுக்கு 5-4. முதல்நாள் 96 பந்து எறிந்த அவர்களுடைய யமமொட்டோ மறுநாளும் வந்து கடைசி அவுட்வரை எறிந்தார். அவரை வெல்ல முடியாமல் போனதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சரி, கணவரின் வழக்குக்கு வருவோம்.

முதல் குற்றச்சாட்டு, வென்ற பிறகு ஒட்டிக்கொண்டது. அப்படியென்றால் நானும் அதே கூட்டம்தான். 1993 ஒக்ரோபரில் டவுன்ரவுன் உணவகம் ஒன்றின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். இயந்திரத்துக்கு மேலே தட்டில் ஒரு சின்ன வானொலி, அதன் அலைவாங்கியில் வெள்ளிக் கடதாசி சுற்றியிருக்கும். ஜேஸுக்கு அந்த வருடக் கிண்ணத்தை வென்றுகொடுத்த ஹோம் ரன்னை ஜோ கார்ட்டர் அடித்தபோது, அதுவரை என்னோடு வேலையைத் தவிர வேறெதுவும் கதைத்திராத போர்த்துக்கீசச் சமையல்காரர் ஓடிவந்து ஈர ஏப்ரனோடு என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். என்ன நடந்ததென்றே எனக்குப் புரியவில்லை. ஆனால் அடுத்த கிழமையில் இருந்து நான் ஜேஸ் ரசிகன். வெற்றியைப் பார்த்து வந்தவனுக்கு அணி ஒரு தண்டனை வைத்திருந்தது: அடுத்தமுறை அவர்கள் இறுதிச்சுற்றுகளுக்குள் கால்வைத்தது 2015இல். இருபத்திரண்டு வருடம்! ஆகவே பிந்தி வருவது ஒரு பாவமும் இல்லை, கணக்கைப் பிறகு வட்டியோடு தீர்த்துக்கொள்வார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களுக்காகக் கவலைப்படுகிறேன். நீங்கள் பார்த்தது ஒக்ரோபரை மட்டும். இந்தப் பருவத்தின் ருசி அதற்கு முன்னே இருந்தது.

2024இல் இந்த அணி 74 வெற்றி, 88 தோல்வியோடு தன் பிரிவில் கடைசி. ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஒட்டானி வருகிறார் என்று 2023 டிசெம்பரில் ஊரே நம்பி, கலிபோர்னியாவிலிருந்து ரொறன்ரோவுக்குப் பறந்த ஒரு விமானத்தை ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் பின்தொடர்ந்து, கடைசியில் அதிலிருந்து வேறு யாரோ இறங்கிய கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மகளிடம் கேளுங்கள். அவர் போனது டொட்ஜர்ஸுக்கு. (உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஜேஸ் 11-4 என்று அடித்து நொறுக்கியபோது, கூட்டம் அவரைப் பார்த்து "நீ எங்களுக்குத் தேவையில்லை" என்று பாடியது அதனால்தான். மூன்றாவது ஆட்டத்தில் ஒன்பது தடவை பேஸுக்குப் போய் அவர் பதில் சொன்னார். அதுதான் நீங்கள் நித்திரை முழித்த ஆட்டம்.)

2025 ஏப்ரலில் விளாடிமிர் கெரேரோவோடு பதினான்கு வருடத்துக்கு 500 மில்லியன் அமெரிக்க டொலர் ஒப்பந்தம் போட்டபோதும், பணத்தை வீணடிக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு இருந்தது. மே மாதக் கடைசி வாரத்தில்கூட வெற்றிகளைவிடத் தோல்விகள் கூட. அப்புறம்தான் என்னவோ நடந்தது. ஜூன் கடைசி நாளில் இருந்து நியூயோர்க் யாங்கீஸுடன் இங்கே நான்கு ஆட்டம். நான்கிலும் வெற்றி. அதில் கனடா தினத்தன்று 12-5. ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் தனியொருவராக ஏழு ஓட்டங்களைக் கொண்டுவந்தார். முந்தைய வருடம் .220 சராசரியோடு (பத்துக்கு இரண்டு தடவைதான் அடித்துப் பேஸ் எடுத்தார்), வயது போய்விட்டது, ஆளைக் கழற்றிவிடுங்கள் என்று எல்லோரும் சொன்ன அதே ஸ்பிரிங்கர். 2025ஐ .309இல் முடித்தார்.

இப்போது இதைக் கவனியுங்கள். 162 ஆட்டம் முடிந்தபோது ஜேஸும் யாங்கீஸும் சரிசமம், இரண்டும் 94-68. தங்களுக்குள் ஆடிய 13 ஆட்டங்களில் ஜேஸ் எட்டை வென்றிருந்ததால் பிரிவின் முதலிடம் கிடைத்தது. அதாவது ஜூலை மாதத்து வெயிலில், பாதிப்பேர் கொட்டேஜுக்குப் போயிருந்த ஒரு நீண்ட வார இறுதியின் ஓரத்தில் வென்ற ஆட்டங்கள்தான் ஒக்ரோபரில் சொந்த மைதானத்தைப் பெற்றுத்தந்தன. உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில் நீங்கள் கொண்டாடிய, சியாற்றில் அணிக்கெதிரான ஏழாவது ஆட்டம் நினைவிருக்கிறதா? 3-1 என்று பின்னால் நின்று, ஏழாவது இன்னிங்ஸில் ஸ்பிரிங்கரின் ஹோம் ரன்னால் 4-3 ஆனது. அது இங்கே நடந்ததற்குக் காரணம் அந்த ஜூலை. அந்த ஹோம் ரன்னுக்கு முன்பு பேஸுக்குப் போய் நின்றவர் யாரென்றால் நீங்கள் ஏசுகிற கைனர்-ஃபலேஃபாவேதான். பார்ஜரும்தான்.

எப்படி வென்றார்கள் என்பது இன்னும் சுவை. இன்றைய பேஸ்போலில் எல்லோருக்கும் ஹோம் ரன் பைத்தியம். முழுப்பலத்தோடு வீசுவது, பட்டால் சுவருக்கு வெளியே, படாவிட்டால் ஸ்ட்ரைக் அவுட், தலையைக் குனிந்துகொண்டு வந்து இருந்துவிடுவது. ஜேஸ் அந்தப் பக்கம் முழுதாகப் போகவில்லை. அந்த வருடம் எல்லா அணிகளிலும் மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி இதுதான். எல்லோரும் சிக்ஸருக்கே கண்ணைமூடிக்கொண்டு சுற்றும் காலத்தில், தட்டிவிட்டு ஓடுகிற பழைய பாணித் துடுப்பாட்டக்காரரைப்போல. பந்தைத் தொட்டால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை. எறிபவருக்கு இதைவிடச் சலிப்பு வேறில்லை. நல்ல பந்தாக ஆறு ஏழு எறிந்தும் ஆள் போகமாட்டான், கடைசியில் இரண்டு பேருக்கு நடுவால் ஒன்றை உருட்டிவிட்டு முதலாவது பேஸில் போய் நின்று கையுறையைக் கழற்றுவான்.

அப்படி உருட்டியவர்கள் யார்? ஏர்னி கிளெமென்ட் 2023 மார்ச்சில் ஓக்லண்ட் அணியால் வேண்டாமென்று விடப்பட்டவர். இந்த இறுதிச்சுற்றுகளில் 30 தடவை அடித்துப் பேஸ் எடுத்தார். ஒரே வருட இறுதிச்சுற்றுகளில் இதுவரை எவரும் அதைச் செய்ததில்லை. டேவிஸ் ஷ்னைடர், அணிகள் இளம் ஆட்டக்காரரை முறைவைத்துத் தெரிவுசெய்யும்போது, இருபத்தெட்டாம் சுற்றில் தெரிவான பெடியன். இப்போது அத்தனை சுற்றே கிடையாது. எரிக் லோவர் முந்தைய வருடம் கொரியாவில் எறிந்துகொண்டிருந்தார். உங்கள் பதினெட்டு இன்னிங்ஸ் இரவில், ஆட்கள் தீர்ந்துபோன நேரத்தில் வந்து, நான்கு இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ஓட்டமும் கொடுக்காமல் காத்தவர் அவர். ட்ரே யெசவேஜ் ஏப்ரலில் புளோரிடாவில் அடிமட்ட லீக்கில் எறிந்த 21 வயதுப் பையன். செப்ரெம்பர் நடுவில்தான் பெரிய அணிக்கு வந்தார். உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸ் ஆட்களை 12 தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். அவரும் உங்களைப்போலப் பிந்தி வந்தவர்தான், யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை.

இதை ஏழை அணியின் கதையாக்கி உருக நான் தயாரில்லை. சம்பளச் செலவில் ஜேஸ் முன்வரிசை அணிகளில் ஒன்று. டொட்ஜர்ஸ் இன்னும் பெரிய பணக்காரர், அவ்வளவுதான். எதிர்பாராதது பணம் அல்ல, பணம் கொடுக்கப்படாதவர்கள் செய்த வேலை.

இரண்டாவது குற்றச்சாட்டு, வெளிநாட்டுக்காரர். அது உண்மைதான். கெரேரோ மட்டும், அப்பா அங்கே விளையாடிக்கொண்டிருந்த காலத்தில், 1999இல் மொன்றியலில் பிறந்தவர். மற்றபடி டொமினிக்கன், மெக்சிக்கன், அமெரிக்கர். கணவரிடம் திருப்பிக் கேளுங்கள்: பிறந்த மண்ணின் அணிக்கு முழுமனதோடு எப்போதாவது கத்தியிருக்கிறாரா? 1996 மார்ச்சில் லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கைக்காக அரவிந்த டி சில்வா 107 அடித்தபோது இங்கே ஒரு அடித்தளத்து அறையில் பத்துப்பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஆட்டத்தை ரசிக்காத ஒருவரும் இல்லை. கொடி ஏறியபோது யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஒருவர் எழுந்து தேத்தண்ணி போடப் போனார். எங்களில் பலருக்கு விளையாட்டு என்றால் இப்படித்தான், ஒரு கால் வாசலுக்கு வெளியே. வழக்கும் விளக்கமும் இல்லாமல் கத்துவதற்கு ஒரு அணி கிடைத்திருக்கிறதென்றால், அது டொமினிக்கன் பெடியன்களால் என்றாலும் எனக்குச் சம்மதம். எக்ளின்டன் வீதிப் பேருந்தில் நீலத் தொப்பி போட்ட சீக்கியச் சாரதியும் நானும் முதல்நாள் ஆட்டத்தைப் பற்றி இரண்டு தரிப்பிடத்துக்குக் கதைத்தோம். வேறு எந்த விஷயத்தில் அப்படிக் கதைத்திருப்போம்?

அழுததற்கு வருகிறேன். ஏப்ரலில் இருந்து பார்த்தவர்கள் இந்த வருடம் ஏற்கெனவே 68 தடவை தோற்றுவிட்டார்கள். சில நாள் கேவலமாகத் தோற்றார்கள், மே மாதத்தில் தம்பா பேயில் 13-0 என்றுகூட. அணைத்துவிட்டுப் படுத்தோம், மறுநாள் ஏழு மணிக்குத் திரும்பவும் போட்டோம். இந்த விளையாட்டில் நல்ல அணியும் மூன்றுக்கு ஒன்று தோற்கும். அதற்குப் பழகாமல் நேரே உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் முதல் பெரிய தோல்வியைச் சந்தித்திருக்கிறீர்கள், அழாமல் என்ன செய்வீர்கள்? பழகிய எனக்கே இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை.

அடுத்த வருடம் மார்ச் கடைசியில் இருந்து பாருங்கள். எல்லாவற்றையும் வேண்டாம், வேலையும் வீடும் இருக்கிறது. சமைக்கும்போது வானொலியில் ஓடவிடுங்கள். கிழமையில் இரண்டு மூன்று போதும். யெசவேஜ் முதல் பந்தில் இருந்து ஒரு முழுப் பருவம் எறிவதைப் பார்க்க எனக்கே அவசரமாக இருக்கிறது.

சட்டை விஷயம். போ பிஷெட்டின் 11 வேண்டாம். ஏழாவது ஆட்டத்தில் ஒட்டானியை அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன்னுக்காக ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அவருடைய ஒப்பந்தம் 2025 பருவத்தோடு முடிந்துவிட்டது. நானென்றால் கிளெமென்டின் 22ஐ வாங்குவேன். மகள் கெரேரோவின் 27தான் வேண்டுமென்று நின்றால் அதையே வாங்கிக் கொடுங்கள், ஒரு அளவு பெரிதாக. ஒப்பந்தம் 2039வரை இருக்கிறது.