குவியல் கற்றுத் தரும்

கேள்வி: சில குடும்பங்கள் சேர்ந்து எளிமையான கூட்டு வாழ்வைத் தொடங்கியிருக்கிறோம். மட்கு உரம் பற்றி முழுதாகப் படித்துவிட்டுத் தொடங்கலாமா ஐயா?

பதில்: இன்றே தொடங்குங்கள் அம்மா, படிப்பு கூடவே வரட்டும். மட்கும் குவியலில் கார்பன் 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு இருக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர் குவியலும் நாறும். அமோனியா நெடி மூக்கைத் துளைத்தால் காய்கறித் தோல், புல் போன்ற நைட்ரஜன் நிறைந்த பச்சைக் கழிவு மிகுந்துவிட்டது. கார்பன் நிறைந்த காய்ந்த சருகைக் கலந்து கிளறுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள்: ஓரிரு சொட்டு கசிந்தால் ஈரம் சரி, ஒழுகினால் அதிகம். நடுவில் இரும்புக் கம்பியைச் செருகிவைத்து, சற்றுப் பொறுத்து எடுத்துத் தொட்டால் சுட வேண்டும். குவியலின் உள்சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் களை விதைகள் பெரும்பாலும் செத்துவிடும். இந்தப் பக்குவம் குழந்தைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளறும் வேலையை மட்டும் ஒருவர் தலையிலேயே கட்டிவிடாதீர்கள். முறை வைத்துச் செய்யுங்கள்.