வலை வைப்பவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

கேள்வி: எங்கள் குழு ஒரு நீர்நிலையில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறது. வலை வைத்துப் பறவை பிடிப்பது மட்டும் நிற்கவே இல்லை. பள்ளிகளில் பேசினோம், பதாகை வைத்தோம், பலனில்லை. சமூக அறிவியல் கைகொடுக்கும் என்கிறார்கள். நடைமுறையில் எங்கே தொடங்குவது?

பதில்: 'தெரியாமல்தான் பிடிக்கிறார்கள்' என்ற ஊகத்தை முதலில் விட்டுவிடுங்கள். பறவை எப்போது வரும், எங்கே அடையும் என்பது வலை வைப்பவருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். அவர் யார், எதற்காகப் பிடிக்கிறார், யாருக்கு விற்கிறார் என்பதுதான் நமக்குத் தெரியாது.

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் 2018 வாக்கில் சுமார் 3,000 வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில் கூண்டுப் பறவை இருந்தது. வளர்ப்பவர்களோ மூன்று ரகம்: ஆசைக்கு வளர்ப்பவர், பறவைகளின் பாட்டுப் போட்டிக்கு வளர்ப்பவர், குஞ்சு பொரிக்க வைத்து விற்பவர். போட்டிக்காரரைத் திருத்தப் போட்டியின் விதிகளை மாற்றலாம். ஆசைக்கு வளர்ப்பவரிடம் அது எடுபடாது. உங்கள் பதாகை இவர்களில் யாருக்காக எழுதப்பட்டது?

சரி, எப்படி விசாரிப்பது? 'பறவை பிடிக்கிறீர்களா?' என்று நேராகக் கேட்டால் யாரும் ஆம் என்று சொல்லப் போவதில்லை. இதற்குப் பகடை முறை ஒன்று உண்டு. பதில் சொல்பவர் நீங்கள் பார்க்காதபடி பகடையை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் உண்மை எதுவானாலும் 'ஆம்', 6 விழுந்தால் 'இல்லை', மற்ற எண்களுக்கு உள்ளதை உள்ளபடி. 120 பேரில் 60 பேர் ஆம் என்றார்கள் என்று வையுங்கள். அதில் ஏறக்குறைய 20 'ஆம்'கள் பகடை சொன்னவை. மீதி 40, பகடையில் 1, 6 விழுந்த சுமார் 40 பேர் போக, உண்மை சொல்ல வேண்டிய 80 பேரிடமிருந்து வந்தவை. ஆக, சுமார் பாதிப் பேர் பிடிக்கிறார்கள். தனி ஒருவரைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாது, அவருக்கும் பயமில்லை. ஒரு சிக்கல், சிறிய எண்ணிக்கையில் இந்தக் கணக்கு மிகவும் ஆடும். இருபது பேரிடம் கேட்டுவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம், பலனை எதை வைத்து அளப்பீர்கள்? கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணுவது எனக்கு உடன்பாடில்லை. செத்த மாட்டைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்ற டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2006இல் தடை விதித்தது. தடைக்குப் பிறகு ஆய்வாளர்கள் மாட்டுக்கு மருந்து வாங்குபவர்களைப் போலக் கடைகளுக்குப் போனார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பி தாராளமாகக் கிடைத்தது. 2015இல் அந்தக் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்ததற்கு இத்தகைய தகவல்களும் காரணம். ஆகவே நீங்களும் வேலை தொடங்கும் முன்பும் பின்பும் ஒரே பருவத்தில் வலைகளை எண்ணுங்கள். சந்தைக்கு வரும் பறவைகளையும் எண்ணுங்கள்.

விசாரிக்கப் போகும்போது வனத்துறைச் சீருடையில் யாரும் உடன் வர வேண்டாம். குறிப்பேட்டில் பெயர், வீட்டு அடையாளம் எதுவும் எழுத வேண்டாம். ஒருவர் மாட்டிக்கொண்டாலும் அதன்பின் அந்த ஊரில் யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள்.