தூக்கிவிடுகிறோம் என்றால் போதுமா?

கேள்வி: நான் வீல்சேரில் இருப்பவள், டிஜே இசை என்றால் உயிர். தோழிகளோடு ஒரு கிளப்புக்குப் போனபோது, 'சாய்தளம் இல்லை, நாலு பேர் தூக்கிவிடுகிறோம்' என்றார்கள். உள்ளே போனால் கழிப்பறைக்குள் நாற்காலி நுழையவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டேன். இப்போது டிஜிட்டல் ஓவியமும் அனிமேஷனும் செய்து இணையத்தில் போடுகிறேன். 'உனக்கு அதுதான் சௌகரியம், அதோடு இருந்துவிடேன்' என்கிறார்கள் தோழிகள். அவர்கள் சொல்வது சரியா? பார்வையற்ற நண்பர் ஒருவரும் என் படங்களை ரசிக்க என்ன செய்யலாம்?

பதில்: சரியே இல்லை. இணையம் உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக இருங்கள், ஆனால் படி ஏற முடியாத காரணத்துக்காக அங்கே ஒதுங்க வேண்டியதில்லை.

அந்தத் 'தூக்கிவிடுகிறோம்' இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. இருட்டு, கூட்டம், குடித்தவர்கள், முன்பின் தெரியாத கைகள். மின்சார வீல்சேராக இருந்தால் சிலவற்றின் எடையே 100 கிலோவைத் தாண்டும். உள்ளே தீப்பிடித்தால் அந்த நாலு பேரும் எங்கே இருப்பார்கள்?

அடுத்த முறை 'வீல்சேர் வசதி உண்டா?' என்று மட்டும் கேட்காதீர்கள், உண்டு என்றுதான் சொல்வார்கள். வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாய்தளம் இருந்தால் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள் (ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி பின்னால் சரியும்). கழிப்பறைக் கதவின் அகலம் என்ன, உள்ளே நாற்காலியைத் திருப்ப இடம் இருக்கிறதா, அப்புறம் முக்கியமாக, அந்த அறையில் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள், பல இடங்களில் அது கிடங்காகத்தான் இருக்கிறது. இத்தனையையும் நீங்களே ஒவ்வொரு தடவையும் கேட்டு அலுத்துப்போக வேண்டாம், அந்தத் தோழிகளைப் போன் போடச் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் தங்கள் இரவுகளைத் தாங்களே உருவாக்கியும் இருக்கிறார்கள். காது கேளாதவரான ட்ராய் லீ 2003-ல் லண்டனில் தொடங்கிய 'டெஃப் ரேவ்' விருந்துகளில் பேஸ் எனும் தாழ்ந்த ஒலியின் அதிர்வை உடம்பால் உணர்ந்து ஆடுகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்காவின் 'கிரிட்டிகல் டிசைன் லேப்' குழு 'ரிமோட் ஆக்சஸ்' என்று இணையத்திலேயே நடன இரவு நடத்தியது, அங்கே கேப்ஷனும் சைகை மொழியும் ஒலியை வார்த்தையில் விவரிப்பதும் விருந்தின் அங்கமாகவே இருந்தன. படுக்கையில் இருந்தபடியே கலந்துகொள்ளலாம், களைத்தால் கேமராவை அணைத்துவிட்டுப் படுக்கலாம். ஆகவே இணைய இரவை மட்டமாக நினைக்கச் சொல்லவில்லை, இரண்டும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறேன்.

இனி உங்கள் படங்கள். படத்தை வார்த்தையில் விவரிக்கும் மாற்று உரை எழுதாமல் போட்டால், திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் பெரும்பாலும் 'படம்' என்றோ கோப்பின் பெயரையோ வாசித்துவிட்டுப் போய்விடும். 'நடனமாடும் பெண்' என்று மட்டும் எழுதினாலும் உங்கள் நண்பருக்கு ஒன்றும் கிடைக்காது. 'ஊதா வெளிச்சத்தில் ஒரு பெண் வீல்சேரின் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து வேகமாகச் சுழல்கிறாள், பின்னல் காற்றில் நேராக நீள்கிறது, முகம் தெரியவில்லை' என்று எழுதினால் அவர் மனதில் ஏதாவது அசையும். படத்துக்குக் கொடுக்கும் கவனத்தை இதற்கும் கொடுங்கள்.

அனிமேஷனில் ஒளி பளிச்சிடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். 1997-ல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி அனிமேஷனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், வலிப்பு போன்ற பாதிப்புகளோடு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஒரு நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்பது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான விதி. தானாக ஓடும் படமாக இருந்தால் நிறுத்தும் பொத்தானும் வையுங்கள்.

விவரிப்பை எழுதியதும் பதிவேற்றும் முன் அந்த நண்பருக்கு அனுப்பி, எந்த இடத்தில் குழம்புகிறது என்று கேட்டுத் திருத்துங்கள்.