காதல் நாவல்களில் உங்களுக்குக் கதை முக்கியமா, ஆட்கள் முக்கியமா? எல்லா வகை மனிதர்களும் வரும் காதல் கதைகள் பிடிக்குமா?

ஆட்கள்தான். காதல் நாவலைக் கையில் எடுக்கும்போதே கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரியும். தெரிந்தேதானே முந்நூறு பக்கம் உட்கார்கிறோம்! சேர்வதற்குள் இவள் என்ன பொய் சொல்வாள், இவன் எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வான் என்று பார்க்கத்தான் உட்கார்கிறேன்.

எனக்கு ஊர் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் பக்கம். பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. வீட்டில் இன்னும் பழைய பெயர்தான் புழக்கம். செம்பனை எண்ணெய் மில்லில், லோரி எடை போடும் இடத்தில் எனக்கு வேலை. குலையோடு வரும் லோரியை ஒரு தடவை நிறுக்க வேண்டும், பழத்தைக் கொட்டிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும்போது இன்னொரு தடவை. நடுவில் கிடைக்கும் பதினைந்து இருபது நிமிஷம்தான் என் வாசிப்பு நேரம். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வெந்தாக வேண்டும், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் பழம் அதிகமாக விழும் மாதங்களில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரே அத்தியாயத்தை ஏழு துண்டாகப் படித்த நாளெல்லாம் உண்டு. அப்படிப் படித்தும் ஒரு ஆள் மனசில் நின்றால் அதை எழுதியவர் கெட்டிக்காரர் என்பது என் கணக்கு.

படித்ததை ராத்திரியில் பாட்டிக்கு வாசித்துக் காட்டுவேன். கண்புரை அறுவைக்குப் பிறகும் சின்ன எழுத்து அவருக்குத் தெரிவதில்லை. எந்தக் கதையை ஆரம்பித்தாலும் பாட்டி முதலில் கேட்பது ஒன்றுதான்:

"அவன் காலைல எத்தன மணிக்கு எந்திரிக்கிறான்?"

சிரிக்க வேண்டாம். பாதிக் கதைகள் இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும். கதாநாயகன் பெரிய கம்பெனி முதலாளி, கோபக்காரன், ஆறடி உயரம் என்று மூன்று பக்கம் வரும். என்ன கம்பெனி, அங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரி வராது. "அப்ப வேலவெட்டி இல்லாதவன்" என்று பாட்டி தீர்ப்பு எழுதிவிடுவார்.

அவருக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பாட்டி கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டியவர். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். யார் எத்தனை மணிக்கு எழுகிறார், எழுந்ததும் முதலில் யாருக்குத் தண்ணி காய வைக்கிறார் என்பதிலேயே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு ஆளைப் படித்துவிடுவார்களாம்.

பாட்டி பிறப்பால் சீனர். ஜப்பான்காரன் காலத்தில் கைக்குழந்தையாக ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டவர். இந்த நாட்டுத் தமிழர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. வறுமை, பெண் பிள்ளை, ஜாதகம் சரியில்லை என்று சீனக் குடும்பங்கள் கொடுத்த குழந்தைகளை எடுத்து வளர்த்த தோட்டத்து வீடுகள் நிறைய. பாட்டிக்குச் சீனம் ஒரு வார்த்தை வராது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது குலவை போடுவதில் எங்கள் வரிசையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வசவும் அப்படியே, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சரக்கு. வளர்த்த ஆத்தாவிடமிருந்து வந்தது.

அவருக்கும் தாத்தாவுக்கும் காதல் கல்யாணம். தாத்தா பக்கத்து நிரையில் பால் வெட்டியவர். பூவும் கொடுக்கவில்லை, கடிதமும் எழுதவில்லை. மரத்தில் வெட்டு வாயிலும் பால் பிடிக்கும் மங்கின் அடியிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலைச் சுரண்டிச் சேர்த்தால் ஒட்டுப்பால். அதற்குத் தனி நிறுவை, தனிக் காசு. தாத்தா தினமும் தன் சாக்கிலிருந்து ஒரு கை அள்ளிப் பாட்டியின் சாக்கில் போட்டுவிடுவாராம். ஒட்டுப்பால் நாற்றம் தெரிந்தவர்களுக்கு இந்தக் காதலின் மணம் புரியும். ஒரு மாசம் கழித்துத்தான் பாட்டிக்கு உறைத்ததாம், தன் எடை ஏறுகிறது, பக்கத்து நிரைக்காரன் எடை இறங்குகிறது என்று. "கேட்டீங்களா பாட்டி, ஏன் போட்டீங்கன்னு?" "கேட்டா நிறுத்திருவானே!"

இந்தப் பதிலுக்காகவே நான் காதல் கதை படிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் நிறுத்திவிடுவான் என்று ஒரு மாசம் கேட்காமலே இருந்த பெண். காசு ஆசையா, அவன்மேல் ஆசையா? இரண்டும்தான். இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைக்கத் தெரிந்தவர் எழுதினால் விடியும்வரை படிப்பேன்.

எல்லா வகை மனிதர்களும் வர வேண்டுமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. கதைகளில் என் பாட்டி மாதிரி ஒருவர் வந்தால் எப்படி வருகிறார் தெரியுமா? "நீ எங்கே போறான்" என்று தமிழைக் கடித்துத் துப்பும் சிரிப்புக்கான ஆளாக. இல்லாவிட்டால் தவுக்கே (சீன முதலாளி) மகளாக, வெள்ளைத் தோலோடு, கதாநாயகன் மனசைக் கலைக்க. சீனப் பெண் ஒருத்தியைச் சேர்த்தாயிற்று, பல இனமும் வந்தாயிற்று என்று எழுதியவர் நினைத்திருக்கலாம். எனக்கு மில்லில் வரும் பட்டியல்தான் ஞாபகம் வருகிறது: பழுத்தது இத்தனை, காய் இத்தனை, அழுகல் இத்தனை. எண்ணிக்கை சரியாக இருக்கும். குலை எந்த மரத்திலிருந்து வந்தது என்று அதில் எழுதியிருக்காது.

தமிழ்நாட்டுத் தொடர்களில் எங்கள் நாடு வருவதும் இந்த அழகுதான். தேனிலவுக்கு வருவார்கள். இரட்டைக் கோபுரத்தின் முன்னால் ஒரு படம், பத்துமலையில் 272 படி ஏறி ஒரு சண்டை, இறங்கும்போது சமாதானம். பிறகு விமானம். அந்தப் படிக்குக் கீழே தேங்காய் விற்கிறவருக்கு ஒரு வசனம் கொடுக்கலாகாதா என்று தோன்றும்.

எங்கள் ஊருக்கும் நாவலுக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதலில் செம்பனை நட்டது 1917-இல், இங்கே இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். (ஆமாம், செம்பனைத் தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம்.) நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை. பிற்பாடு மலாயாவை வைத்து ஒரு நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். அவருக்கு எழுத நேரம் இருந்தது. பால்வாளி தூக்கியவர்களுக்குக் கையெழுத்துப் போடவே நேரமில்லை. அதனால்தான் இன்று கைப்பேசியில் யார் வேண்டுமானாலும் தொடர் எழுதலாம் என்று ஆனதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம். எழுத்துப் பிழை இருக்கட்டும், ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். அப்படி வந்த ஒரு கைப்பேசித் தொடர்தான். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு சின்ன ஊர். அவள் நாற்பத்தைந்து வயது விதவை, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அவன் தையல்காரன். இரண்டு பேரும் தினமும் ஒரே டவுன் பஸ். பஸ்ஸில் வலப்பக்க சீட்டு கிடைத்தால் அவன் முந்திப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வான். இடப்பக்க சீட்டு கிடைத்தால் "நீங்க உள்ள போங்க" என்று ஜன்னலை அவளுக்குக் கொடுத்துவிடுவான். என்ன மனுஷன், ஒருநாள் மரியாதை, ஒருநாள் இல்லை என்று அவளுக்குக் குழப்பம். வாசிக்கிற எனக்கு மட்டும் புரிந்துவிட்டதாக நினைப்பு! எப்படி உட்கார்ந்தாலும் அவள் அவனுக்கு இடப்பக்கம் வருகிறாள். உமைக்கு இடப்பாகம் கொடுத்த கதை. மனைவி உட்காரும் பக்கம். எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார் என்று எடைமேடையில் உட்கார்ந்து உருகிக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாவது அத்தியாயத்தில் உடைத்தார். அவனுக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் பிடித்து, வைத்தியம் பார்க்காமல் விட்டது. அவள் சொல்வதில் ஒரு வார்த்தை தவறக் கூடாது என்று இடது காதை அவளுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறான்.

லோரி ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. என்ன அருமை பாருங்கள்: அவன் காது கேளாதவன் என்று கதை பாவப்படவே இல்லை. அந்தக் காதுதான் அவன் காதலிக்கிற விதத்தையே முடிவு செய்கிறது. இரண்டு காதும் கேட்கிற ஒருவன் இந்தக் கதைக்கு உதவமாட்டான். உடல்குறை உள்ள ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தால் இது வராது. அவன் பஸ்ஸில் எங்கே உட்காருவான் என்று யோசித்தவருக்குத்தான் வரும்.

இங்கே எழுதுகிறவர்களுக்கு இப்படி எத்தனை இருக்கிறது! எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு மாமா கடையில் பர்ஸைத் திறக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். உள்ளே இருப்பது சிவப்பு ஐசி, நிரந்தரவாசிகளுக்கான அடையாள அட்டை. இங்கே பிறந்து, இங்கே வெட்டி, பேரன் பேத்தி எடுத்தும் குடியுரிமை இல்லை. இங்கே இஸ்லாமியர் அல்லாதவர்களுக்கான கல்யாணச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிய வேண்டும். பதியப் போனால் ஐசியை மேசைமேல் வைத்துத்தானே ஆக வேண்டும்? அந்த நிமிஷத்தில் அவர் எப்படி இருந்திருப்பார், மாமி எந்தப் பக்கம் பார்த்திருப்பார்? எனக்கு அந்த ஒரு அத்தியாயம் வேண்டும்.

தமிழ்ப் பெண், மலாய்ப் பையன் காதலையும் தொடுகிறார்கள், தொட்டதும் கையை இழுத்துக்கொள்கிறார்கள். முஸ்லிமைக் கட்ட வேண்டுமென்றால் இங்கே மதம் மாறித்தான் ஆக வேண்டும். அன்பு வென்றது என்று ஒரே வரியில் முடித்தால் எப்படி? அவள் அம்மா வீட்டு சாமி அறை வாசலில் எங்கே நிற்பாள், தீபாவளிக்கு எந்தச் சட்டியில் சமைப்பார்கள், அம்மா செத்தால் சடங்கில் அவளுக்கு எந்த இடம்? யாரையும் வில்லனாக்காமல் இதை எழுதலாம். அந்தப் பையனின் அம்மாவும் ராத்திரி தூங்கியிருக்கமாட்டார் அல்லவா?

ஊரில் மணப்பெண் அலங்காரம் செய்யும் திருநங்கை அக்கா ஒருவர் இருக்கிறார். நான் படிப்பது தெரிந்து, "அதுல என்னைய மாதிரி யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டார். வருகிறார்கள், ஆசீர்வாதம் பண்ண வருகிறார்கள் என்றேன். என் தலைமுடியில் ஊசியைச் செருகிக்கொண்டே, "நாங்க வாழ்த்திக்கிட்டே இருக்கோம், எங்களுக்கு யாரு போன் பண்றா?" என்றார். அன்றிலிருந்து தேடுகிறேன். ஒரு திருநங்கை போன் மணிக்காகக் காத்திருக்கும் கதை இருந்தால் கீழே சொல்லுங்கள். சமுதாயம் திருந்துவது பிறகு பார்த்துக்கொள்ளலாம். போன் வர வேண்டும்.

அந்தத் தையல்காரன் கதையையும் பாட்டிக்கு வாரம் இரண்டு அத்தியாயமாக வாசித்தேன். வழக்கமான கேள்விக்கு, அஞ்சரைக்கு எழுந்து கடையைக் கூட்டுவான் என்று எழுதியிருந்ததால் தப்பித்தான். பத்தொன்பதாவது அத்தியாயம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். பாட்டி முகத்தில் ஒன்றும் இல்லை.

"என்னா பாட்டி, காது கேக்காதாம்!"

"அதான் அன்னிக்கே தெரியுமே, ஜன்னல விட்டுக் குடுத்தானே, அன்னிக்கி."

"எப்படி?"

"எங்கள வேல வாங்குன மண்டோருக்கு ஒரு காது கேக்காதுல்ல. எந்தப் பக்கம் நிக்கிறான்னு பாத்துத்தானே அவன நாங்க திட்டுவோம்."